ஸெய்துனில் வெறுங்காலோடு

மாலை ஐந்து ஐம்பதுக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், பழைய தேவாலயம் ஒன்றின் கோபுரத்தில், என் தலைக்கு நேர் மேலே, ஆளுயரக் கடிகாரம் ஒன்று அதைச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். நாலு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போன என் மகன் வரவில்லை. ஆறு மணிக்கு அவனுடைய கப்பல் கிளம்புகிறது. வாசலில் கழற்றி வைத்த என் செருப்பையும் காணவில்லை.

ஊர், ஸெய்துன். மால்டா என்ற தீவில் இருக்கிறது. தீவு, இத்தாலிக்குக் கீழே கடலில் இருக்கிறது. பர்மாவில், பழைய ரங்கூனான யாங்கோனின் பபேடான் பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். என்னைக் கேட்டுப் பயனில்லை. என் மகன் சரவணனைக் கேட்க வேண்டும்.

சரவணன் சரக்குக் கப்பலில் எஞ்சின் பிரிவில் பயிற்சியில் இருந்தான். நடுக்கடலில் வயிற்று வலி வந்து, அதை யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் பொறுத்து, குடல்வால் வெடித்த பிறகு சொல்லியிருக்கிறான். மால்டாவில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கப்பல் போய்விட்டது. யாங்கோனில் அவனை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் எனக்குப் போன் செய்து, “ஆபத்து ஒண்ணும் இல்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு மனிதர் அதை அத்தனை முறை சொன்னால் எந்தத் தகப்பன்தான் நம்புவான்?

அதற்கு முந்தின வருஷம்தான் நர்கிஸ் புயல் அடித்தது. எங்கள் தெருவில் கூரைத் தகடுகள் காகிதம் போலப் பறந்த அன்று இவன் வேறொரு சமுத்திரத்தில் இருந்தான். நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று அவனுக்குத் தெரியாது. அவன் எங்கே இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது. அதிலிருந்தே என் மனைவி சரோஜாவுக்குக் கப்பல் என்ற பேச்சே ஆகாது. ஏஜென்டின் போனைக் கேட்டதும் அவள் அழவில்லை. எனக்குப் பெட்டி கட்டினாள்.

“போய் அவனைக் கையோட கூட்டிட்டு வாங்க. நீங்க மட்டும் தனியா திரும்பி வர்றதா இருந்தா ஏர்போர்ட்லேயே இருந்துக்குங்க. வீட்டுக்கு வர வேணாம்” என்றாள்.

நான் வந்த காரியம் இதுதான். தேவாலயம் பார்க்க வரவில்லை.

அவனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டிருந்தார்கள். கப்பல் கம்பெனி ஏற்பாட்டில் ஸெய்துனில் ரீட்டா என்ற அம்மாள் வீட்டு மாடியில் தங்கியிருந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது கதவைத் திறந்தவன் அவனேதான். ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது. சட்டைக்குள் ஆள் இருக்கிற மாதிரியே தெரியவில்லை.

“ஏம்ப்பா இவ்வளவு தூரம் அலையணும்? யா படேப்பா.”

எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தமிழில் பாதி பர்மியச் சொற்கள். ‘யா படே’ என்றால் பரவாயில்லை, ஆகட்டும் என்று பொருள். வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டவன் சொல்கிற சொல்லா அது? எனக்கு வந்த கோபத்தில் அவனைக் கட்டிக்கொள்ளக்கூட மறந்துவிட்டேன். அவனுடைய கைக்கடிகாரம் கப்பலிலேயே தங்கிவிட்டதாம். என்னுடையதைக் கழற்றி அவன் கையில் கட்டினேன். முன்பு இறுக்கமாக இருந்திருக்கும் துளையில் இப்போது வார் லொடலொடவென்று ஆடியது.

ரீட்டா அறுபது வயது விதவை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தம்பியிடம் பேசுவதும் எதிர்வீட்டு மொட்டைமாடியில் இருப்பவரிடம் பேசுவதும் அவருக்கு ஒரே சத்தம்தான். தம்பி சார்லி பேசவே மாட்டார். வீட்டில் இருந்த பேச்சையெல்லாம் அக்காவே எடுத்துக்கொண்டதால் அவருக்கு மிச்சம் இல்லை போலும். அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. என் பெயர் வீராசாமி என்று சொன்னேன். அன்று முதல் நான் மிஸ்டர் சாமி.

அன்றிரவு தக்காளியும் பூண்டும் போட்டு, நீண்ட நேரம் அடுப்பில் வெந்த கறி பரிமாறினார். பிரயாணக் களைப்பில் நன்றாகவே சாப்பிட்டேன். இரண்டாம் முறை வாங்கியபோதுதான் எலும்பைப் பார்த்துச் சந்தேகம் வந்தது. கோழிக்கு இப்படி ஒரு எலும்பு நான் கண்டதில்லை.

“இது எந்தக் கோழி?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“முயல்” என்றார் ரீட்டா பெருமையோடு. “என் தம்பி வளர்த்தது. இதற்கு முந்தா நாள் வரை பெயர்கூட இருந்தது.”

நான் சரவணனைப் பார்த்தேன். அவன் தட்டைப் பார்த்தான்.

“உனக்குத் தெரியுமாடா?”

“தெரியும்.”

“ஏன்டா சொல்லலே?”

“நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.”

சாப்பாட்டுக்குப் பிறகு வாக்குவாதம் தொடங்கியது. அவனுடைய கப்பல் ஒரு சுற்று முடித்துக்கொண்டு சனிக்கிழமை திரும்பவும் அதே துறைமுகத்துக்கு வருகிறது. டாக்டர் சம்மதித்தால் ஏறிக்கொள்ளலாம் என்று கேப்டன் சொல்லியனுப்பியிருக்கிறாராம்.

“இன்னும் ஆறு மாசம் கடல்ல இருந்தா பரீட்சை எழுதலாம்ப்பா. இப்ப விட்டா இன்னொரு கப்பல் எப்பக் கிடைக்கும்னு யாருக்குத் தெரியும்? அங்க எத்தனை பேர் காத்துக்கிட்டு இருக்காங்க தெரியுமா?”

“தையல் பிரிஞ்சா நடுக்கடல்ல யாருடா தைப்பா? சமையல்காரனா?”

“டாக்டர் வேணாம்னா உங்ககூட வந்துர்றேன். சரின்னா விட்டுருங்க.”

நியாயமாகப் பேசுகிற பிள்ளையோடு சண்டை போடுவதைப் போல எரிச்சல் தருகிற காரியம் வேறில்லை. என் தாத்தா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். வந்த கப்பலில் வழி முழுக்க வாந்தி எடுத்தாராம். அதோடு எங்கள் குடும்பத்துக்கும் கடலுக்கும் கணக்குத் தீர்ந்தது என்பது என் கட்சி. இவன் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை, ஐரோப்பாவில் நிம்மதியாகத் தூங்கலாம் என்ற என் எண்ணத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். படார் என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தொடர்ந்து இன்னும் பல. எங்கள் ஊரில் தெருப்பக்கம் அப்படிச் சத்தம் கேட்டால் என்னவென்று எட்டிப் பார்க்க மாட்டோம். ஷட்டரை இறக்குவோம். கையும் காலும் தாமாக அதைச் செய்யும். நான் எழுந்து ஜன்னல் கதவை அடைத்து, தையல் போட்ட பையனைச் சுவரோரம் தள்ளி, தலையைக் குனிந்து உட்காரச் சொன்னேன்.

“அப்பா, அது வெடிப்பா. சர்ச்சுத் திருவிழா” என்றான், உட்கார்ந்தபடியே.

கீழேயிருந்து ரீட்டா கத்தினார்: “பயப்படாதீர்கள் மிஸ்டர் சாமி. புனித கத்தரீனாவுக்கு.”

“காலங்காத்தாலயா?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். சரவணன் மொழிபெயர்த்தான்.

“காலையில் அவளுக்கு, மதியம் அவளுக்கு, சாயங்காலமும் அவளுக்கு” என்று பதில் வந்தது. “ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.”

நெஞ்சு அடங்க வெகு நேரம் பிடித்தது. அதற்கு மருந்து ஒரு டீக்கடையில் கிடைத்தது. மால்டாக்காரர்கள் கண்ணாடி டம்ளரில், கெட்டியான டப்பாப் பால் ஊற்றி டீ குடிக்கிறார்கள். முதல் வாய் குடித்ததும் எங்கள் தெருமுனை லப்பெயே டீக்கடையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இங்கே முக்காலி மட்டும் எங்களுடையதைவிட உயரம். கூடவே பட்டாணி மசியலை உள்ளே வைத்து அடுக்கடுக்காகச் சுட்ட பஸ்டிஸி. நம் சமோசாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். மிளகாய் மட்டும் இல்லை. நான் நாலு தின்றேன். எரிச்சல் குறைந்துவிடும் போலிருந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

பக்கத்து மேசையில் இரண்டு கிழவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரில் இரண்டு பாண்டு வாத்தியச் சங்கங்கள் உண்டாம், ஆளுக்கொன்றைச் சேர்ந்தவர்கள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

“உங்கள் ஆட்கள் ஊதுவதற்குப் பெயர் பாண்டா? ஆடு கத்துகிற மாதிரி இருக்கிறது.”

“எங்கள் ஆடாவது தாளத்துக்குக் கத்தும்.”

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருவரே காசு கொடுத்துவிட்டு, கை கோத்துக்கொண்டு போனார்கள்.

டீ குடித்து வெளியே வந்ததும் ஒரு பேருந்து என்னைக் கொல்லப் பார்த்தது. மஞ்சள் நிறப் பழைய பேருந்து. டிரைவர் பக்கத்தில் மாதா படமும் பிளாஸ்டிக் பூவும் வைத்திருந்தார். எங்கள் ஊர்ப் பேருந்தில் புத்தருக்கு மல்லிகைச் சரம் தொங்குகிற அதே இடம். அது வரைக்கும் சொந்தம்தான். ஆனால் மால்டாவில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. எங்களுக்கு வலப்பக்கம். அதிலும் பாதி வண்டிகளுக்கு ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே இருப்பதால், பேருந்துக் கதவு நடுரோட்டைப் பார்த்துத் திறக்கும். எங்கள் ஊரின் அந்தச் சாலையிலேயே உயிரோடு நடந்து பழகியவன் எந்த ஊர்ச் சாலைக்கும் பயப்பட வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். தவறு. நான் இடப்பக்கம் பார்த்துவிட்டுக் காலை வைத்தேன். வண்டி வலப்பக்கத்திலிருந்து வந்தது. சரவணன் காலரைப் பிடித்து இழுத்தான். இழுத்த வேகத்தில் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்ததைப் பார்த்து, பேருந்து மோதியிருந்தாலே தேவலாம் என்று பட்டது.

“வலது பக்கம் பாருங்கப்பா. இங்க எல்லாம் தலைகீழ்.”

அந்தப் பேருந்திலேயே ஏறி மார்ஸஷ்லோக் என்ற மீன்பிடித் துறைக்குப் போனோம். பத்து நிமிஷப் பயணம். நீலமும் மஞ்சளுமாகப் படகுகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு ஜோடிக் கண்களை வரைந்திருக்கிறார்கள். முப்பது வருஷமாக என் கடைப் பலகையில் இருக்கிற கண்ணைவிட நன்றாகவே இருந்தன.

“படகுக்கு வழி தெரியணும்ல” என்றான்.

“உன் கப்பலுக்கு இந்த மாதிரி கண் இருக்கா?”

“ராடார் இருக்குப்பா.”

வளைகுடாவுக்கு அக்கரையில், அவன் கப்பல் வருகிற துறைமுகத்தில், பெட்டி ஏற்றி இறக்கும் பெரிய கிரேன்கள் வரிசையாக நின்றன. சின்ன வயதில் மிட்டாய்க் கடையைப் பார்த்த அதே பார்வையோடு அவன் அவற்றைப் பார்த்தான். அந்தப் பார்வையைக் கண்டதும் எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. கப்பலும் வந்தது. காலையில் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, கனம் தூக்காமல் இருந்தால் போகலாம் என்று சொல்லிவிட்டார். டாக்டரோடு வாதாட எனக்கு இங்கிலீஷ் போதவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சரவணன், “சார்லி கார்ல போய்க் கேப்டனைப் பாத்துட்டு வந்துர்றேன். கப்பல் ஆறு மணிக்கு. எதுவா இருந்தாலும் நாலு மணிக்கு வந்து உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் மறுவேலை. நீங்க சர்ச்சுல உக்காந்திருங்க, குளுகுளுன்னு இருக்கும்” என்றான்.

“நாலு மணிக்கு வருவியா?”

“வருவேன்.”

“அப்படியே அங்கேயிருந்து ஏறிப் போயிர மாட்டியே?”

“வருவேம்ப்பா. நீங்க இருங்க.”

“நான் எங்கடா போகப் போறேன்? நாலு மணிக்கு இங்கேதான் இருப்பேன்.”

இந்தக் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவாலயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தேன் நிறக் கல்லில், இரண்டு பக்கமும் கோபுரம், பின்னால் பெரிய குவிமாடம், அடக்கமான கட்டடம்தான். உள்ளே போனால் மூச்சு முட்டுகிறது. பரோக் பாணி என்கிறார்கள். ஓர் அங்குலம் காலியாக விட்டால் தெய்வக் குற்றம் என்று நினைத்தவர்கள் கட்டியது. இந்த விஷயத்தில் நம் கோபுரம் கட்டினவர்களுக்கு அவர்கள் நெருங்கின சொந்தம். திருவிழாவுக்காகத் தூண்களுக்கெல்லாம் சிவப்புப் பட்டு உடுத்தியிருந்தார்கள். கன்னம் உப்பிய தேவதைக் குழந்தைகள் மூலைக்கு மூலை பொன்முலாமில் தொங்கின. சக்கரத்தோடு சிலையாக நிற்கிற கத்தரீனா, மெத்தப் படித்த பெண்ணாம், தன் காலத்துப் பண்டிதர்களையெல்லாம் வாதத்தில் ஜெயித்தவளாம். அவளைப் பெற்றவர்கள் என்ன பாடு பட்டார்களோ.

வாசலில் செருப்பைக் கழற்றினேன். வேறு யாரும் கழற்றவில்லை என்பதைப் பார்த்தேன்தான். ஆனால் யாங்கோனில் பகோடாவோ நம் கோயிலோ, சன்னிதி என்றால் காலில் ஒன்றும் இருக்கக் கூடாது. செருப்போடு உள்ளே போக என் கால் ஒத்துக்கொள்ளாது. தவிர, கதவோரம் சில சாக்குப் பைகளும் பக்கத்தில் ஒரு வரிசைப் பழைய காலணிகளும் இருந்தன. ஆக, விவரம் தெரிந்த சில பேர் இங்கேயும் கழற்றுகிறார்கள் என்று திருப்திப்பட்டு, என் வெல்வெட் வார் வைத்த பர்மியச் செருப்பை அந்த வரிசையிலேயே ஒழுங்காக விட்டுவிட்டுப் போனேன். உள்ளே வெள்ளி விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என் கால்களைப் பார்த்தாள். நான் கைகூப்பினேன். அவளும் என்ன செய்வதென்று தெரியாமல் கைகூப்பினாள்.

மூன்று நாளாகத் தூங்காதவன், பெஞ்சில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. கடிகாரம் மகன் கையில் இருந்தது. வெளியே ஓடினேன். செருப்பு இல்லை. சாக்குப் பைகளும் மற்றக் காலணிகளும்கூட இல்லை. நிமிர்ந்தால், தலைக்கு மேல் கோபுரக் கடிகாரம்: ஐந்து ஐம்பது. வெயில் உச்சியில் அடித்ததே, அப்போதே யோசித்திருக்கலாமே என்பீர்கள். ஐரோப்பியக் கோடையை நீங்கள் பார்த்ததில்லை. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் அங்கே வெயில் காய்கிறது.

இரண்டு மணி நேரம் தாமதம். வரவில்லை. ஏறிவிட்டான். இன்னும் பத்து நிமிஷத்தில் கப்பல் போய்விடும். ஏர்போர்ட்டில் சரோஜா முன்னால் தனியாக நிற்கிற காட்சி அப்படியே கண்ணுக்கு வந்தது. அதற்குப் பிறகு நான் செய்தவற்றுக்கு அறிவு பொறுப்பல்ல. வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்த, வெள்ளி துடைத்த பெண்ணிடம், “ஷிப், ஷிப், மை சன்” என்று கத்திவிட்டு ஓடினேன்.

வெயிலில் காய்ந்த கல் தரை தோசைக்கல்லாக இருந்தது. நிழலுக்கு நிழல் தாவிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். எனக்கு நன்றாகத் தெரிந்த பக்கமாக, அதாவது தப்பான பக்கமாக நின்றேன். வந்த பேருந்தில் ஏறி, “துறைமுகம் போகுமா?” என்று கேட்டேன். டிரைவர் தலையாட்டினார். பொய் சொல்லவில்லை. அந்தத் தீவில் எந்தப் பக்கம் போனாலும் துறைமுகம்தான்.

கடல் வருகிறது வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வீடுகள்தான் வந்தன. பக்கத்தில் வெங்காயப் பையோடு இருந்த அம்மாளிடம் மணி கேட்டேன்.

“மூன்றே முக்கால்.”

“ஐந்தே முக்கால்தானே?” என்றேன்.

அவர் கடிகாரத்தை என் மூக்கருகே நீட்டினார். மூன்றே முக்கால். முன் இருக்கைக்காரரைக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். ஓர் ஊரில் எப்படி இரண்டு மணி இருக்க முடியும்? கோபுரத்தின் மேல் இருப்பது பொய்யும் வெங்காயக்காரி கையில் இருப்பது மெய்யுமா? அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. சரவணன் இன்னும் தாமதமே ஆகவில்லை. நாலு மணிக்கு அவன் வந்து நிற்பான். நான் அங்கே இருக்க மாட்டேன்.

பாவ்லா என்ற ஊரில் இறங்கினேன். இந்த முறை புத்திசாலித்தனமாக, என் மூளை எந்தப் பக்கம் சொன்னதோ அதற்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். பக்கம் சரி. பேருந்துதான் வரவில்லை. வெகு நேரம் கழித்து வந்ததும் ஸெய்துன் எல்லைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. பாண்டு ஊர்வலம், தெரு அடைப்பு, இறங்கி நடங்கள் என்றார் டிரைவர்.

நடப்பதா? தெரு நிறைய ஆட்கள். மொட்டைமாடிகளிலிருந்து துண்டுக் காகிதம் மழையாகக் கொட்டியது. ஆடு மாதிரி ஊதினார்களா என்று சொல்ல முடியாது. என் காதில் என் நெஞ்சுச் சத்தம்தான் கேட்டது. இளவட்டங்கள் தோளில் கைபோட்டு என்னையும் ஆடச் சொன்னார்கள். காலில் என்னென்னவோ மிதிபட்டது. முட்டித் தள்ளி நகர முடியாமல் நின்றபோது, கறுப்பு உடையில் ஒரு முதிய பெண்மணி என் கால்களைப் பார்த்தார். கொப்புளித்து, அழுக்கேறி, ஒரு விரலில் ரத்தம்கூட இருந்தது. அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, “வேண்டுதலா?” என்று மெல்லக் கேட்டார்.

ஒரு கணம் யோசித்தேன். “ஆமாம்” என்றேன்.

“யாருக்காக?”

“மகனுக்காக.”

அவர் திரும்பி ஏதோ சொன்னார். அத்தனை ஆரவாரத்திலும் எனக்கு முன்னால் வழி பிரிந்தது. டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்த ஒருவர் வாத்தியத்தைத் தாழ்த்தி ஒதுங்கி நின்றார். பொய் சொன்னேனா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

தேவாலய வாசலுக்கு நான் வந்து சேர்ந்தபோது சரவணன் இல்லை. கோயில் பணியாளர் ஒருவர், மெலிந்த மனிதர், படியில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“உங்கள் பையன் நாலு மணிக்கே வந்தான். கிழவர் ஒருவர் ‘கப்பல், கப்பல்’ என்று கத்திக்கொண்டு வெறுங்காலோடு ஓடினார் என்று உள்ளே விளக்குத் துடைக்கிற பெண் சொன்னாள். உங்களைத் தேடிக்கொண்டு துறைமுகத்துக்குப் போயிருக்கிறான். ரீட்டா போலீசுக்குப் போயிருக்கிறார்.”

எனக்கு ஐம்பத்துநாலுதான் ஆகிறது. ஆனால் அதைச் சொல்ல அது நேரமில்லை.

“அவன் கையில் பெட்டி இருந்ததா?”

“இல்லை. அப்பாவிடம் சொல்லிக்கொண்டு உடனே திரும்ப வேண்டும், கேப்டன் சேர்த்துக்கொண்டார் என்றான். சந்தோஷமாகத்தான் வந்தான்.”

நான் மேலே கையைக் காட்டினேன். கடிகாரம் இன்னும் ஐந்து ஐம்பதிலேயே இருந்தது. அவர் என்னைச் சதுக்கத்தின் நடுவுக்கு அழைத்துப் போய் மற்றக் கோபுரத்தைக் காட்டினார். அங்கேயும் ஒரு கடிகாரம். அதில் ஐந்து அடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

“அதுதான் எங்களுக்கு. இது சாத்தானுக்கு” என்றார். “பூசை எத்தனை மணிக்கு என்று அவனுக்குத் தெரியக் கூடாதல்லவா? அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான். மால்டாவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.”

ரங்கூன்காரனுக்குத் தெரியாதே. சாத்தானை ஏமாற்றினார்களோ இல்லையோ, ஊரார் கண்ணையெல்லாம் பரிசோதிக்கிறவனை ஏமாற்றிவிட்டார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் முள் அசையவில்லை. சுவரில் தீட்டிய வெறும் சாயம்.

“என் செருப்பு?”

“எந்தச் செருப்பு?”

“கதவுக்குப் பக்கத்தில் வைத்தேனே.”

அவர் முகம் மாறியது. “அது ஆப்பிரிக்க மிஷனுக்குப் பழைய துணி, செருப்பு சேர்க்கிற இடம். மூன்று மணிக்கு வண்டி வந்து எடுத்துப் போய்விட்டது.”

தன்னுடையதைத் தருகிறேன் என்று கழற்றப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனி ஓர் அடி எடுத்து வைத்தால் மறுபடியும் யாராவது என்னைத் தேட வேண்டியிருக்கும். படியில் உட்கார்ந்தேன். வெள்ளி துடைத்த பெண் ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். காலை விட்டேன்.

அங்கிருந்து பார்த்தால் எதிர்க் கோபுரக் கடிகாரம் நன்றாகத் தெரிந்தது. அது நகர்ந்துகொண்டே இருந்தது. வரும்போது ஒரே ஒரு விஷயத்துக்காக வந்தேன், அவன் கப்பல் ஏறக் கூடாது என்று. இப்போது, என்னைத் தேடாமல் போய் ஏறிக்கொள்ளடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் அப்படிப் போகிற பிள்ளை இல்லை என்பதும் தெரிந்தே இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று மூன்று நாள் அடம் பிடித்தபோது கிடைக்காதது, நான் வாய் திறக்காமலே நடந்துகொண்டிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆறு அடித்தது. மணிகள் எல்லாம் சேர்ந்து ஒலித்தன. என் தலைக்கு மேலே கப்பல் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. எதிர்ப்பக்கம் அது போய்விட்டது.

வெயில் சாய ஆரம்பித்த பிறகு சார்லியின் கார் சதுக்கத்து மூலையில் வந்து நின்றது. முன் கதவு திறந்து சரவணன் இறங்கினான். ஒரு கை வயிற்றில் இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது. என் கடிகாரம் அவன் மணிக்கட்டில் ஆடியது. ஓடி வரவில்லை. மெதுவாக நடந்து வந்து, படிக்குக் கீழே நின்று, என் முகத்தைப் பார்த்தான். பிறகு பேசினில் இருந்த கால்களைப் பார்த்தான்.

“கப்பல் போயிருச்சுப்பா” என்றான். “செருப்பு எங்கே?”